பஞ்சுக்கிடங்குத் தெருவின் பேச்சுத் தண்ணீர்

குணசீலன் வீட்டு மோட்டார் தெருக்குழாயில் நேராக வாய் வைத்து உறிஞ்சத் தொடங்கிய வருஷத்தில்தான் பஞ்சுக்கிடங்குத் தெருவில் தண்ணீர் பேச ஆரம்பித்தது.

எங்கள் ஊரில் மழை என்பது பக்கத்து ஊருக்குப் பெய்வது. குடிதண்ணீர் எட்டு நாளைக்கோ பத்து நாளைக்கோ ஒரு தடவை, எப்போது என்று யாருக்கும் தெரியாத ஒரு காலை வேளையில் வரும். முதலில் குழாய் புஸ்ஸென்று காற்றை விடும், பிறகு இருமும், பிறகு செம்மண் நிறத்தில் கொஞ்சம் துப்பும், அதற்கப்புறம்தான் தண்ணீர், அதுவும் கொஞ்ச நேரம். அந்தக் கொஞ்ச நேரத்துக்குள் குடம், அண்டா, வாளி, டிரம், குழந்தை குளிக்கிற பிளாஸ்டிக் தொட்டி, எண்ணெய் வாங்கிவந்த காலி டின் வரைக்கும் நிரப்பியாக வேண்டும் என்பதால், அன்றைக்குத் தெருவில் யாரும் யாருடனும் பேச மாட்டார்கள், அடுப்பில் பால் பொங்கினாலும் பார்க்க மாட்டார்கள், சாவு விழுந்தால்கூடத் தண்ணீர் நின்ற பிறகுதான் ஒப்பாரி கேட்கும்.

இப்படி இருந்த தெருவில் குணசீலன் ஒரு பெரிய மோட்டாரை வாங்கி, சுவிட்சைத் தட்டினால் தெருவே உறுமுகிற மாதிரி மாட்டினார். ரோடு போடுகிற வேலைகளை மேற்பார்வை பார்த்து ஓய்வு பெற்றவர், மேட்டில் வீடு, தண்ணீர் ஏறவில்லை என்பது அவருடைய நியாயம். அந்த மோட்டார் இழுக்கிற இழுப்பில், மற்ற வீடுகளில் டிரம்முக்குள் முங்கிக் கிடக்கிற டியூப்கள் வழியாக, பிடித்து வைத்த தண்ணீரே எழுந்து, வந்த வழியே குழாய்க்குள் திரும்பிப் போனது. மோட்டார் நின்றதும் அந்தத் தண்ணீர் மேட்டிலிருந்து தெரு முழுக்க இறங்கி, வழியில் யார் குழாய் திறந்திருக்கிறதோ அந்த வீட்டுக்குள் போய் விழுந்தது. முதலில் எங்கள் தெரு ஜெயக்கொடி துணிக்குப் போட்ட சொட்டுநீலம் மூன்று வீடு தள்ளிச் சோற்றுப் பானையில் வந்தது. பிறகு யாரோ அரப்புத் தேய்த்துக் குளித்த நுரை வந்தது. வாய்க்கு வந்தபடி ஏசினோம், வடிகட்டினோம், அதற்கும் பழகிக்கொண்டோம்.

அப்புறம் ஒருநாள் ஜெயக்கொடி அரிசி களைய அண்டாவிலிருந்து தண்ணீர் மொண்டு ஊற்றினபோது, அந்தத் தண்ணீர், எதிர்வீட்டு ராஜகனியின் குரலில், "அந்த முன்ரூம் சாவிய உங்க தம்பிகிட்டக் கேட்டு வாங்கித் தர்றதுக்கு உங்களுக்கு என்ன வலிக்குது?" என்று சொன்னது. ஜெயக்கொடி திரும்பிப் பார்த்தாள். யாரும் இல்லை. இன்னொரு சொம்பு ஊற்றினாள். "என்ன வலிக்குது?" என்று அது மறுபடியும் கேட்டது. அரிசி களைந்து உலையில் போட்டுவிட்டு, கையைத் துடைத்துக்கொண்டு, எதிர்வீட்டு வாசலுக்குப் போய், "அக்கா, உங்க பேச்சு எங்க வீட்டுத் தண்ணியில வந்துருக்கு," என்று சொன்னாள், பால்காரர் தவறிப்போய் உங்கள் பாக்கெட்டை எங்கள் வீட்டில் போட்டுவிட்டார் என்று சொல்கிற மாதிரி.

ராஜகனிக்கு முகம் செத்துப்போயிற்று. "வேற என்ன வந்துச்சு?" என்று மட்டும் கேட்டாள்.

அந்தச் சாவியின் கதை இதுதான். ராஜகனி தையல்காரி. பள்ளிக்கூடச் சீருடை, ஜாக்கெட், சுடிதார் எல்லாம் தைப்பாள், கை சுத்தம். அவள் வீட்டில் தெருவைப் பார்த்த ஒரு முன்ரூம் உண்டு, இரண்டு சன்னல், நல்ல வெளிச்சம். அவள் கணவர் தங்கப்பழத்தின் தம்பி வைரமணி மும்பைக்கு வேலைக்குப் போகும்போது தன் சாமான்களை அந்த ரூமில் போட்டுப் பூட்டி, சாவியை எடுத்துக்கொண்டு போனான். இவர்கள் மகள் அப்போது பாவாடை சட்டை போட்டிருந்தாள். இப்போது கல்யாணமாகிச் சிவகாசியில் இருக்கிறாள். பூட்டு அப்படியேதான் தொங்கியது. ராஜகனியின் மிஷின் அடுப்படிக்கும் குளியலறைக்கும் நடுவில் உள்ள இருட்டு நடையில் கிடந்தது. ஈரத்தில் ஊசி துருப்பிடித்தது, துணியில் பூஞ்சைக் கறை விழுந்தது, ஒரு வருஷம் பள்ளிக்கூடத்துச் சீருடை மொத்தமும் கறை பட்டுத் திரும்பி வந்து அந்த வேலையே கைவிட்டுப் போனது. கடை போடலாம் என்று அவள் கேட்காத நாள் இல்லை. தங்கப்பழம் எண்ணெய் மில்லிலிருந்து வந்து, சாப்பிட்டு, கையைக் கழுவி, துண்டில் துடைத்து, "பாப்போம்," என்பார். கோபப்பட மாட்டார், முடியாது என்று சொல்ல மாட்டார், சாப்பாட்டில் உப்பு இல்லையென்றால்கூட வாயைத் திறக்க மாட்டார். "பாப்போம்" என்ற அந்த ஒற்றைச் சொல்லில் மோதி மோதி நெற்றி வீங்கினவள், கொஞ்ச காலத்தில் அவரிடம் கேட்பதை நிறுத்திவிட்டுக் குளியலறை டிரம்மிடம் கேட்க ஆரம்பித்தாள். துணியை அலசும்போது, பாத்திரம் விளக்கும்போது, முகம் கழுவும்போது, குனிந்து டிரம்முக்குள் தலையை விட்டு எல்லாவற்றையும் கொட்டினாள். அவ்வளவும் தண்ணீரில் கிடந்து, தண்ணீர் வருகிற நாளில் டியூப் வழியாக ஏறித் தெருவுக்குப் போனது.

பேச்சு ராஜகனியுடையது மட்டும் இல்லை என்று சீக்கிரமே தெரிந்துபோனது. தண்ணீருக்குப் பக்கத்தில் மனுஷர்கள் என்னவெல்லாம் பேசுகிறார்கள் என்று நாங்கள் அதுவரை யோசித்ததே இல்லை. பல் விளக்குகிறவன் முதலாளியைத் திட்டினது வந்தது. புதுசாகக் கல்யாணமானவள் குளித்துக்கொண்டே அம்மாவைக் கூப்பிட்டு அழுதது வந்தது. குடித்துவிட்டு வந்தவன் வாந்திக்கு நடுவே இனிமேல் தொடமாட்டேன் என்று செய்த சத்தியம், இரண்டு தெரு தள்ளித் தெளிவாகக் கேட்டது. கொஞ்ச நாளில் அந்தத் தண்ணீரின் குணங்கள் எங்களுக்குப் பிடிபட்டன. அசைத்தால்தான் பேசும், அசையாமல் வைத்தால் பேச்சு அடியில் வண்டல் மாதிரி இறங்கும், மேலாக மொண்டுகொள்ளலாம். கொதிக்க வைத்தால் முதலில் சத்தம் கூடும், பிறகு ஆவியோடு போய்விடும். வேட்டித் துணியில் வடிகட்டினால் ஏச்சு தங்கிவிடும், அழுகை தங்காது. ஏச்சு கலந்த தண்ணீரில் உளுந்து ஊறப்போட்டால் மாவு பொங்காது. கொஞ்சல் கலந்த தண்ணீர் கிடைத்த அன்றைக்கு இட்லி பூவாக வரும், அந்தத் தண்ணீரைப் பக்கத்து வீட்டுக்கு ஒரு சொம்பு கொடுத்து உபசரிப்பதும் பழக்கமானது. தெருமுனையில் சைக்கிள் கடை வைத்திருந்த பையன், தன் மனசில் இருந்ததை ஒரு வாளி தண்ணீரிடம் சொல்லி அனுப்பி, அது நேராக எந்த வீட்டுக்குப் போக வேண்டுமோ அந்த வீட்டுக்குப் போகாமல் பெண்ணின் அப்பா கால் கழுவும்போது கேட்டு, அதனால் வந்த சண்டையும் சம்மந்தமும் இன்னொரு கதை.

எல்லாவற்றுக்கும் மேலாக, யாரும் கூடிப் பேசித் தீர்மானிக்காமலே, தெருவில் ஒரு மரியாதை உண்டானது. தண்ணீரில் கேட்டதை வாசலில் பேசக் கூடாது. அடுத்த வீட்டுக்காரி குளியலறையில் அழுதது உங்கள் சாம்பாரில் கேட்டாலும், காலையில் கோலம் போடும்போது அவளிடம், "வெயில் என்னமா அடிக்குது," என்றுதான் சொல்ல வேண்டும். ஜெயக்கொடி முதல்நாள் வந்து சொன்னதுதான் கடைசி. அதற்குப் பிறகு ராஜகனியின் சாவியைப் பற்றித் தெருவில் எல்லோருக்கும் தெரியும், ஒருத்தரும் வாயைத் திறக்கவில்லை. அவள் கடைக்குப் போனால் பேச்சு நிற்கும். எல்லோரும் கொஞ்சம் கூடுதலாகச் சிரிப்பார்கள். வைரமணிக்கு ஒரு போன் போட்டால் தீர்கிற காரியம், எத்தனையோ வீடுகளில் சோற்றோடு சோறாக வெந்து, எல்லோர் வயிற்றிலும் போய், அப்படியே கிடந்தது.

ராஜகனிக்கு இந்த மரியாதைதான் ஏச்சைவிட எரிச்சலாக இருந்தது.

தங்கப்பழம் மட்டும் எதுவும் கேட்கவில்லை என்று அவள் நம்பினாள். அவர் விடிவதற்குள் மில்லுக்குப் போய்விடுவார், எண்ணெய்ப் பிசுக்கோடு வீட்டுக்குள் வரக்கூடாது என்று சாயங்காலம் அங்கேயே தொட்டியில் குளித்துவிட்டுத்தான் வருவார். கை கழுவுகிற தெளிந்த ஒரு சொம்பு தவிர வீட்டுத் தண்ணீர் அவர் மேல் படுவதே இல்லை. ஊருக்கெல்லாம் கேட்கிறது, கேட்க வேண்டிய ஆளுக்குக் கேட்கவில்லை, இது என்ன விதி என்று அதையும் டிரம்மிடமே சொன்னாள்.

பொறுக்கமாட்டாமல் ஒருநாள், தண்ணீர் வந்து நின்ற கையோடு, நாலைந்து பெண்களைக் கூட்டிக்கொண்டு குணசீலன் வீட்டு கேட் முன்னால் போய் நின்றாள்.

குணசீலன் பனியனோடு வந்தார். "என்னம்மா, படையெடுத்து வந்திருக்கீங்க?"

"மோட்டார நிறுத்துங்க அண்ணாச்சி. எங்க வீட்டுத் தண்ணிய இழுக்குது."

"மோட்டார் என் மோட்டார். கரண்டு என் கரண்டு. தண்ணி கவர்மெண்டுத் தண்ணி. இதுல உங்களுக்கு எங்க இடிக்குது?"

"பேச்சு எங்க பேச்சு," என்றாள் ராஜகனி.

குணசீலன் கொஞ்சம் யோசித்தார். தெருவிலேயே அதிகமான பேச்சு அவர் வீட்டுக்குத்தான் போனது, அதில் முக்கால்வாசி அவரைப் பற்றியது. அவர் மனைவி ரேடியோவை உச்சத்தில் வைத்துக்கொண்டுதான் சமைத்தாள். ஆனாலும் மனுஷன் அசரவில்லை. "அப்ப பேசாம இருங்க," என்று சொல்லிவிட்டு உள்ளே போனார்.

நகராட்சிக்கு நாங்கள் எழுதிக் கொடுத்ததன்பேரில் தண்ணீர்ப் பரிசோதனைக்கு இரண்டு பேர் வந்தார்கள். ஒரு கண்ணாடிக் குழாயில் தண்ணீரைப் பிடித்து, மருந்து விட்டுக் குலுக்கினார்கள். குலுக்கின குலுக்கில் அது, "பத்தாங்கிளாஸ்ல பெயிலாப் போனத இன்னும் அப்பாகிட்டச் சொல்லல," என்றது. அவர்களில் மூத்தவர் அதைக் காதில் வாங்கிக்கொண்டு, "குளோரின் சரியாத்தான் இருக்கு. பேசுறதுக்கு எங்ககிட்ட டெஸ்ட் இல்ல," என்று சொல்லிவிட்டு மோர் குடித்துவிட்டுப் போனார்.

அப்புறம்தான் ராஜகனி பஜாரில் இரும்புக் கடைக்குப் போய், போன தண்ணீர் திரும்பி வராமல் இருக்க, இல்லை, வந்த தண்ணீர் திரும்பிப் போகாமல் இருக்க ஏதாவது உண்டா என்று கேட்டாள். கடைக்காரர் கைக்கு அடக்கமான ஒரு பித்தளைச் சாமானை எடுத்து மேஜைமேல் வைத்தார். "என்.ஆர்.வி.ம்மா. நான்-ரிட்டர்ன் வால்வு. உள்ள ஒரு சின்னக் கதவு இருக்கு, பாத்தீங்களா? வர்ற தண்ணி முட்டுனா தொறக்கும். அதே தண்ணி திரும்பிப் போகப் பாத்தா தானா மூடிக்கிடும். மேல அம்பு போட்டிருக்கான் பாருங்க, தண்ணி போற பக்கம் அம்பு இருக்கணும். மாத்தி மாட்டிறாதீங்க." ராஜகனி அதை வாயில் வைத்து ஒரு பக்கம் ஊதினாள், காற்று போனது. திருப்பி வைத்து ஊதினாள், போகவில்லை. இவ்வளவுதானா என்று அவளுக்கு அழுகை வந்தது.

ஒவ்வொரு வீட்டுக்கும் இதை மாட்டிவிட்டால் குணசீலன் எவ்வளவு இழுத்தாலும் அவரவர் தண்ணீர் அவரவர் வீட்டில் நிற்கும் என்று தெருவைக் கூட்டிச் சொன்னாள். எல்லோரும் நல்ல யோசனை என்றார்கள். யாரும் மாட்டவில்லை. ஏன் என்று அவளுக்கு முதலில் விளங்கவில்லை. பிறகு ஜெயக்கொடிதான், தலையைக் குனிந்துகொண்டு, "நம்ம பேச்சு வெளிய போகாட்டி நல்லதுதான்க்கா. ஆனா எல்லாரும் மாட்டிட்டா, அப்புறம் நம்ம காதுக்கும் ஒண்ணும் வராதுல்ல?" என்றாள். அதுதான் விஷயம். தன் வீட்டுக் கதவு மூடியிருக்க வேண்டும், அடுத்த வீட்டுக் கதவு திறந்திருக்க வேண்டும் என்று ஒவ்வொருத்தரும் ஆசைப்பட்டதில், அடுத்தவர் முதலில் மாட்டிவிடுவாரோ என்று பயந்து, அந்தப் பேச்சையே எல்லோரும் தள்ளிப் போட்டார்கள்.

"எனக்கு எவ வீட்டுக் கதையும் வேண்டாம்," என்று சொல்லிவிட்டு ராஜகனி தன் வீட்டுக்கு மட்டும் மாட்ட, குழாய் வேலை செய்கிற இருளப்பனைப் பிடித்தாள்.

இருளப்பன் கெட்டவன் இல்லை. "நாளைக்குக் காலைல மொத வேல உங்க வேலதான்க்கா," என்று அவன் ஊரில் பாதிப்பேரிடம் ஒரே நேரத்தில் மனசாரச் சொல்லக்கூடியவன். அந்த நாளைக்காக அவள் வாசலையே பார்த்துக்கொண்டிருந்தாள். போன் அடித்தால், "வந்துக்கிட்டே இருக்கேன்க்கா," என்பான். பின்னால் சினிமாப் பாட்டு கேட்கும். இதற்குள் தண்ணீர் இரண்டு தடவை வந்து போய், அவள் பேச்சும் இரண்டு தடவை போய்ச் சேர்ந்தது. கடைசியில் அவள் அவன் வீட்டுக்கே போய், சாப்பிட்டுக்கொண்டிருந்தவனை எழுப்பி, தன் பின்னாலேயே நடக்க வைத்துக் கூட்டி வந்தாள். அவன் குழாயை அறுத்து, வால்வை மாட்டி, டெஃப்லான் டேப்பைச் சுற்றி, காப்பி குடித்து, "இனிமே எமனே வந்து உறிஞ்சுனாலும் ஒரு சொட்டு போகாது," என்று சொல்லிவிட்டுப் போனான்.

அடுத்த முறை தண்ணீர் வந்தபோது, தெரு முழுக்கக் குடங்கள் நிரம்புகிற சத்தம் கேட்க, ராஜகனி வீட்டுக் குழாய் ஒரு தடவை விக்கிவிட்டு அடங்கியது. அவள் திறந்து மூடினாள், தட்டினாள், டியூபை உருவி ஊதிப் பார்த்தாள். தெருவில் தண்ணீர் நிற்கிறவரைக்கும் ஒரு சொட்டு வரவில்லை. பிறகு குனிந்து பார்த்தாள். அம்பு வீட்டைப் பார்க்காமல் தெருவைப் பார்த்து நின்றது.

வெளியே போகிற பேச்சை நிறுத்த வாங்கின வால்வு உள்ளே வருகிற தண்ணீரை நிறுத்திவிட்டது. அந்த முறைக்கு ஜெயக்கொடியும் மற்றவர்களும் ஆளுக்கு இரண்டு குடம் கொடுத்தார்கள். அந்தக் குடங்களிலும் அவள் பழைய பேச்சு கொஞ்சம் இருந்தது, குடித்தாள். இருளப்பன் போனை எடுக்கவில்லை. ராஜகனி இரும்புக் கடையிலிருந்து குழாய் திருகுகிற ரிஞ்சு ஒன்றை வாடகைக்கு வாங்கி வந்து, சேலையை இழுத்துச் செருகி, குழாய்க்கு முன்னால் உட்கார்ந்து, கை தோல் உரிய, அதைக் கழற்றித் திருப்பி, அம்பு வீட்டைப் பார்க்க மாட்டினாள். இரண்டு தடவை கசிந்தது. மூன்றாம் தடவை கசியவில்லை. பார்த்துக்கொண்டிருந்த நாங்கள் யாரும் ஒன்றும் சொல்லவில்லை, அதுதான் எங்கள் மரியாதை.

அடுத்த தண்ணீர் நாளில் குணசீலனின் மோட்டார் உறுமின உறுமலுக்கு மற்ற டிரம்களெல்லாம் கலங்கித் தவித்தபோது, ராஜகனியின் வால்வுக்குள் அந்தச் சின்னக் கதவு டக்கென்று சாத்திக்கொண்டது. அவள் டிரம்மில் ஒரு சுழிகூட எழவில்லை. அன்றைக்கு அவள் எங்கள் எல்லோரையும் நேராகப் பார்த்து நடந்தாள்.

ஆனால் வெளியே போக வழியில்லாத பேச்சு எங்கே போகும்? டிரம்மிலேயே கிடந்தது. முகம் கழுவ மொண்டால், "சாவி" என்றது. பருப்பு வேக வைத்தால், "உங்களுக்கு என்ன வலிக்குது" என்று பொங்கியது. வாசல் தெளித்தால் மண்ணில் விழுந்து, "பாப்போம்னு சொல்லாதீங்க, பாப்போம்னு சொல்லாதீங்க" என்று ஊறியது. அவளுக்கே தெரியாமல் எத்தனை தடவை ஒரே வாக்கியத்தைச் சொல்லியிருக்கிறாள் என்று அவளுக்கு அப்போதுதான் தெரிந்தது. நேற்றுச் சொன்னதும் போன வருஷம் சொன்னதும் ஒரே மாதிரி இருந்தன, குரல் மட்டும் கொஞ்சம் கொஞ்சமாகக் கம்மிக்கொண்டு வந்திருந்தது. பாவி மகளே, இதைத்தான் இவ்வளவு நாளாகச் சொல்லிக்கொண்டிருந்தாயா என்று தன்மேலேயே அவளுக்கு ஆத்திரமாக வந்தது. ஒருநாள் காலையிலிருந்து அவள் டிரம் பக்கத்தில் வாயைத் திறப்பதை நிறுத்திவிட்டாள்.

அந்த ஞாயிற்றுக்கிழமை தங்கப்பழம் மில்லில் அரை நாள் வேலை முடிந்து, குளித்து, நெற்றியில் திருநீறோடு வீட்டுக்கு வந்தார். ராஜகனி நடையில், அந்த இருட்டில், மிஷினில் ஜாக்கெட் தைத்துக்கொண்டிருந்தாள். அவர் வழக்கம்போல் அவளைத் தாண்டிப் போகவில்லை. நின்றார்.

"உடம்புக்கு எதுவும் பண்ணுதா?" என்று கேட்டார்.

அவர் இப்படிக் கேட்டு எத்தனையோ காலமாயிற்று. ராஜகனி மிதியை நிறுத்தினாள். "இல்லையே. ஏன்?"

"இந்த வாட்டித் தண்ணியில உன் சத்தத்தையே காணோம். மத்த எல்லாரும் பேசுறாங்க, உன் பேச்சு மட்டும் இல்ல. அதான் என்னமோ ஏதோன்னு."

"எந்தத் தண்ணியில?"

"மில்லுத் தொட்டியிலதான். இதே லைன்தானே அங்கயும் வருது. தெருத் தண்ணி மிச்சம் மீதியெல்லாம் பள்ளத்துக்கு வந்து எங்க தொட்டியிலதான் விழும்."

ராஜகனி எழுந்தாள். மடியில் இருந்த ஜாக்கெட் கீழே விழுந்தது. "அப்ப நீங்க… கேட்டுட்டா இருந்தீங்க?"

"கேக்கும்ல. ஊத்த ஊத்தக் கேக்கத்தானே செய்யும்."

"சாவியப் பத்திச் சொன்னதெல்லாம்?"

"ம்."

"சீருடை வேல போனப்ப அழுதது?"

"அதுவும்தான்."

"கேட்டுட்டு என்ன செஞ்சீங்க?"

தங்கப்பழம் அந்தக் கேள்வியை உண்மையாகவே யோசித்தார். "குளிச்சேன்," என்றார்.

அவரவர் வீட்டுக்குள் இருந்தபடியே எங்களுக்கு இதெல்லாம் கேட்டது. அப்புறம் ராஜகனி அழுகிற சத்தம் கேட்கப் போகிறது என்று காத்திருந்தோம். அவள் அழவில்லை. ஊரெல்லாம் கேட்டது, கேட்க வேண்டிய ஆளுக்கு மட்டும் கேட்கவில்லை என்று அவள் இத்தனை காலம் நொந்துகொண்டது அத்தனையும் வீண் என்று தெரிந்தபோது, அவளுக்குள் இருந்த ஏதோ ஒன்று, கோபம்கூட இல்லை, கோபத்துக்காக அவள் சேர்த்து வைத்திருந்த பொறுமை, சட்டென்று தீர்ந்துபோனது. அடுப்படிக்குப் போய் அம்மிக் குழவியைத் தூக்கிக்கொண்டு வந்து, முன்ரூம் கதவுக்கு முன்னால் நின்று, பூட்டில் ஓங்கி ஒன்று போட்டாள்.

"ராஜகனி, தம்பிகிட்ட ஒரு வார்த்தை—"

இரண்டாவது அடி. அந்தச் சத்தத்துக்குத் தெருவில் எல்லோரும் வெளியே வந்தோம். குணசீலன்கூட மாடியிலிருந்து எட்டிப் பார்த்தார். மூன்றாவது அடியில் பூட்டு உடையவில்லை, பூட்டு தொங்கின வளையம் மரத்தோடு பிய்ந்து வந்தது. அவள் தோளால் கதவைத் தள்ளினாள்.

உள்ளே ஒரு கேரம் போர்டு இருந்தது, வயர் வெளியே தொங்குகிற டேபிள் ஃபேன் ஒன்று, கயிறு தொய்ந்த கட்டில், பழைய காலண்டரில் இப்போது யாருக்கும் பெயர் ஞாபகமில்லாத ஒரு நடிகை, எலி கடித்த செருப்பு ஒற்றை. அவ்வளவுதான். ராஜகனி வாசற்படியில் நின்று அதையெல்லாம் ஒவ்வொன்றாகப் பார்த்தாள். பிறகு போய் இரண்டு சன்னலையும் திறந்தாள். துருவில் கத்திக்கொண்டு திறந்தன. எங்கள் முகங்கள் அந்த வழியாக உள்ளே தெரிந்தன.

"என்ன பாக்குறீங்க?" என்றாள். "தண்ணியில கேட்டீங்கல்ல, இப்ப நேர்லயும் பாத்துக்கோங்க. ஜெயக்கொடி, இந்தக் கட்டில ஒரு கை பிடி."

ஜெயக்கொடி எங்கள் மரியாதையை உடைத்துக்கொண்டு முதல் ஆளாக உள்ளே போனாள். "இத என்னைக்கோ செஞ்சிருக்கணும்க்கா," என்று வாய்விட்டுச் சொன்னாள். அப்புறம் நாங்களும் போனோம். கட்டில் வெளியே வந்தது, கேரம் போர்டு வெளியே வந்தது. மிஷின் நடையிலிருந்து சன்னலுக்கு வந்தது. அதன் கால் ஈரத்தில் பச்சை பூத்திருந்ததை வெளிச்சத்தில்தான் பார்த்தோம்.

தங்கப்பழம் ஓரமாக நின்றுகொண்டே இருந்தார். "வைரமணி வந்து கேட்டா நான் என்ன சொல்ல?" என்றார்.

"வந்து கேக்குற வரைக்கும் ஏன்? நீங்களே இப்பக் கேளுங்க. போன் இருக்குல்ல?"

அவர் சட்டைப் பையிலிருந்து போனை எடுத்தார். பிறகு நம்பரை அழுத்தினார். மணி அடிப்பது எங்களுக்கே கேட்டது.

"வைரமணியா? நல்லாருக்கியா… பிள்ளைக நல்லாருக்கா… அங்க மழையா? சரி சரி… ஒண்ணுமில்லடா, சும்மாதான் கூப்பிட்டேன்."

ராஜகனி போனை அவர் கையிலிருந்து பிடுங்கினாள். "தம்பி, மதினி பேசுறேன். முன்ரூம் பூட்ட ஒடச்சிட்டேன். உங்க சாமானெல்லாம் பத்திரமா எடுத்து வச்சிருக்கு. அந்த ரூம்ல நான் தையல் கடை போடப் போறேன். சொல்லணும்னு சொன்னேன்."

அந்தப் பக்கம் மழைச் சத்தம் மட்டும் கேட்டது. பிறகு வைரமணி, உண்மையான குழப்பத்தோடு, "எந்தப் பூட்டு மதினி?" என்று கேட்டான்.

மகள் பாவாடை சட்டை போட்டிருந்ததிலிருந்து கட்டிக்கொடுத்துப் போனது வரைக்கும் அந்தப் பூட்டு தொங்கின காலம் முழுவதும் ராஜகனி முகத்தில் வந்து நின்றது. "ஹலோ, மதினி, எந்தப் பூட்டு?" என்று போன் மறுபடியும் கேட்டது. அவள் அதைக் கணவரிடம் நீட்டினாள்.

"நீங்களே சொல்லுங்க, எந்தப் பூட்டுன்னு," என்று சொல்லிவிட்டுப் போய் மிஷினுக்கு முன்னால் உட்கார்ந்தாள்.

தங்கப்பழம் போனைக் காதில் வைத்தார். சன்னலுக்கு வெளியே கட்டிலோடு நின்ற நாங்கள் ஒரு அடி கிட்ட வந்தோம்.

"நீ பூட்டிட்டுப் போனியேடா, முன்ரூம், அந்தப் பூட்டுதான்," என்றார் கடைசியில். "உன் மதினி அதுக்குச் சாவி கேட்டுட்டே இருந்தா. வருஷக்கணக்கா கேட்டா. நான்தான் உங்கிட்டச் சொல்லல." ராஜகனி பக்கம் ஒரு தடவை பார்த்தார். "எனக்குக் காதுல விழத்தான் செஞ்சது. சொல்லல."

ராஜகனி திரும்பிப் பார்க்கவில்லை. நூலை நாக்கில் நனைத்து ஊசிக் காதில் கோத்துக்கொண்டிருந்தாள். அவ்வளவு வெளிச்சத்திலும் அது தப்பித் தப்பிப் போனது.